மாப்பிள்ளை முட்டை காத்த ஐந்து நாள்

“ரெண்டாவது தடவையும் தின்னுட்டானா? அத்தனையுமா? பெத்த அப்பனாடா அவன்?”

“நீ கத்துனதுலதான்க்கா தின்னான்!”

“நான் கத்துனேனா? நான் எப்படா கத்துனேன்?” என்று அக்கா கத்தினாள். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் கேன் சுமந்துகொண்டு போன ஆள் படியிலேயே நின்றுவிட்டார்.

“காலைல ஏழு மணிக்கு. ‘துண்டு எங்கடா’ன்னு ஒரு சத்தம் போட்டியே, அப்பத்தான் முதல் முட்டையை முழுங்குச்சு. என் கண்ணால பாத்தேன்.”

“துண்டு கேட்டா மீன் முட்டையைத் தின்னுமா?”

“நீ கேட்ட மாதிரி கேட்டா நானே தின்னுருப்பேன்.”

எங்கள் கட்டடத்தில் மாடிக்கு இரண்டு வீடு. இரண்டாம் மாடியில் என் கதவும் அவர்கள் கதவும் நேருக்கு நேர். நடுவில் நாலடி நடை. எனவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த வீட்டுப் பேச்சைக் கேட்காமல் இருப்பதற்குத்தான் தனியாக முயற்சி எடுக்க வேண்டும்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவளை இந்தக் கோடியில் நின்று திட்டியே முப்பது வருடமாய்த் தொண்டையை வளர்த்தவள். தம்பி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்கிற வேலை. மைக் இல்லாமலே சொல்லக்கூடியவன். நிர்வாகம் வீம்புக்கு ஒரு மைக் கொடுத்து வைத்திருக்கிறது. கட்டடத்தில் எல்லோரும் அவனை ‘மைக்’ என்றுதான் கூப்பிடுவோம். வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. அக்காவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். தம்பி அவரை அத்தான் என்பான். நாங்களும் அத்தான் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவர் பேசமாட்டார். அந்த வீட்டில் அவர் பேசுவதற்கு இடைவெளி கிடைத்ததில்லை என்பது என் கருத்து. இவர்களுடைய ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்குப் படிப்பின் மேல் அத்தனை ஆசை வந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

அன்றைய சண்டைக்கு வருகிறேன். அக்கா சிரித்துவிட்டாள். மீன் முட்டையைத் தின்றதற்கு ஆம்பளை ஒருவன் கண்ணைக் கசக்குகிறானே என்று கை தட்டிச் சிரித்தாள். மைக்குக்குத் தாங்கவில்லை.

“சிரிக்காதக்கா! மூணாவது தடவையும் போச்சுன்னா அவங்க என்னைக் கட்டிக்க மாட்டாங்க!”

வீடு நிசப்தமாகிவிட்டது. நான் அடுப்பை அணைத்தேன்.

“எவங்க?” என்றாள் அக்கா. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அந்த ‘எவங்க’ போயிருக்கும்.

அந்த ‘எவங்க’ என்பவள் மீன்கடைக்காரி. பேருந்து நிலையத்தின் பின்வாசலுக்கு எதிரே, மரம் அறுக்கும் பட்டறைக்குப் பக்கத்தில், அகலம் குறைந்த ஒரு கடை. சுவர் நெடுக ஊறுகாய் ஜாடி அளவில் கண்ணாடிப் புட்டிகள், புட்டிக்கு ஒரு மீன். பெட்டா மீன், நம்மவர்கள் ஃபைட்டர் என்று சொல்வார்களே, அதுதான். ஒரு ஆண் இன்னொரு ஆணைப் பார்த்தால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிடும் என்பதால் புட்டிக்கும் புட்டிக்கும் நடுவே அட்டை செருகி வைத்திருப்பாள். மைக் முதலில் ஒரு மீன்தான் வாங்கினான். பிறகு வாரா வாரம் அதற்கு மருந்து கேட்டுப் போனான். நாலாவது வாரம் அவளே சொல்லிவிட்டாளாம்:

“உங்க மீனுக்கு ஒரு வியாதியும் இல்ல. உங்களுக்குத்தான் என்னமோ இருக்கு. என்னன்னு நேரா சொல்லுங்க.”

சொன்னான். அவள் ஏற்கெனவே ஒருமுறை கட்டி, ஒருமுறை விட்டவள். அவசரப்படுகிற ரகம் இல்லை. அவள் சொன்னது இதுதான்:

“என் முதல் வீட்ல நான் வளர்த்த எதுவும் பிழைக்கல. செடி, மீனு, நானு. அதனால வாய்ப்பேச்சை நான் நம்புறதில்ல. உங்க வீட்ல ஒரு ஜோடி மீனை விட்டுக் குஞ்சு பொரிச்சு, அதுங்க தானா நீந்துறதை எனக்குக் காட்டுங்க. அப்புறம் பேசுவோம்.”

இதில் இரண்டு ஜோடி தோற்றுப்போய்விட்டன. இரண்டிலும் அப்பன்மீன் முட்டையைத் தின்றுவிட்டது. மூன்றாவது தடவைக்கு அவள் தன் சொந்த மீனையே கொடுத்தனுப்பினாள். வெள்ளை உடம்பு, வால் ஓரம் மட்டும் நீலம். சரிகைக் கரை போட்ட வேட்டி மாதிரி.

“இவன் ரெண்டு தடவை குடும்பம் நடத்துனவன். முட்டையைத் தொட மாட்டான். இவனே உங்க வீட்ல தின்னான்னா குத்தம் மீன்மேல இல்ல, பாத்துக்கோங்க. தண்ணி ஒரு சாணுக்கு மேல வேணாம். வெதுவெதுப்பா இருக்கட்டும். தொட்டிமேல மெல்லிசா பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுங்க. பொண்ணு முட்டை போட்டதும் அவளை எடுத்துடுங்க. அப்புறம் இவனை இவன்பாட்டுக்கு விட்டுடுங்க.”

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மீன்கடைக்காரி இப்போது என்னோடு நன்றாகப் பேசுகிறவள். அன்றைக்குப் பேசவில்லை.

விஷயம் தெரிந்ததும் அக்கா ஒரேயடியாகக் கட்சி மாறினாள். தம்பிக்கு ஒரு பெண் கிடைக்காதா என்று எத்தனை வருடம் பார்த்தவள் அவள். வந்து சேர்ந்த வெள்ளை மீனுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தாள். முட்டை வந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்று சட்டம் போட்டாள். முதல் இரண்டு தடவையும் சத்தத்தினால்தான் போயிற்று என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தொந்தரவு என்றால் அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

வியாழக்கிழமை மதியம் மைக் என் கதவைத் தட்டினான்.

“அக்கா, அகல வாய் பாட்டில் ஒண்ணு இருக்கா?”

இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்துவிடுவதற்கு எனக்கு என்ன பைத்தியமா? ஹாலில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அந்த வீட்டில் மீன்தொட்டி ஹீட்டர் சொருக அங்கேதான் பிளக் இருந்தது. ஸ்டூலின் மேல் துணி துவைக்கிற அளவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. மிதக்கவிட்ட தெர்மாகோல் கோப்பைக்கு அடியில் மாப்பிள்ளை குமிழி குமிழியாக நுரை ஊதி, உள்ளங்கை அகலத்துக்குக் கூடு கட்டி வைத்திருந்தான். இரண்டு பக்கமும் அறுத்த என் பாட்டிலுக்குள் பெண்மீன் நின்றாள். பழுப்பு நிறம், உடம்பில் குறுக்கே வெளிர்க் கோடுகள், வயிறு உருண்டை.

“கோடு வந்துருச்சுன்னா சம்மதம்னு அர்த்தம்” என்றான் மைக்.

“மனுசங்களுக்கும் இப்படி ஒரு வசதி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்” என்றேன்.

பாட்டிலைத் தூக்கினான். முதல் பத்து நிமிஷம் கல்யாண வீடாகத் தெரியவில்லை, போலீஸ் ஸ்டேஷனாகத்தான் தெரிந்தது. துரத்துவதும் கொத்துவதுமாக இருந்தார்கள். பிறகு கூட்டுக்கு அடியில் இரண்டும் ஒதுங்க, மாப்பிள்ளை அவளை வளையல் மாதிரி வளைத்துப் பிடித்துக்கொண்டான். இதையெல்லாம் பார்க்கிற வயசா எனக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு கண்ணால்தான் பார்த்தேன். அவன் பிடி விட்டதும் ரவை மாதிரி வெள்ளை வெள்ளையாய் முட்டைகள் உதிர்ந்தன. பெண் மயங்கினவள் மாதிரி சாய்ந்து கிடக்க, மாப்பிள்ளை பாய்ந்து பாய்ந்து ஒவ்வொன்றையும் வாயில் பொறுக்கிக் கூட்டில் கொண்டுபோய் ஒட்டினான். மறுபடி வளையல், மறுபடி ரவை. இரண்டு மணி நேரம். மைக் அழுதுவிட்டான். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தபோது பெண்மீன் தனி டப்பாவில் இருந்தாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் சட்டம் போட்டவளே மீற முடியாதே. காற்றாகப் பேசினாள்:

“ஏண்டா, பெத்தவ பக்கத்துல இருக்க வேணாமா?”

“இருந்தா அவ தின்னுடுவா.”

“அப்ப யாரு பாத்துக்குவா?”

“அப்பன்தான். மூணு நாலு நாளு சாப்பிடாம, தூங்காம. கீழ விழுந்ததை எடுத்து எடுத்து மேல வைப்பான்.”

அக்கா திரும்பி அத்தானைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

“நம்ம பொண்ணு பொறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“லிஃப்ட்டுல” என்றார் அத்தான் தாளுக்குப் பின்னாலிருந்து. அது உண்மைதான். மருத்துவமனை லிஃப்ட்டையே ரிப்பேர் பார்க்கப் போய், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் தொடங்கியது குசுகுசு ஆட்சி. அத்தான் அழைப்புமணியின் ஒயரைப் பிடுங்கினார். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய சாக்ஸ் மாட்டினார்கள். மிக்ஸி ஓடவில்லை, டிவி ஊமைப்படம் ஆயிற்று. அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து நடுவர் அட்டைகளைக் கொண்டுவந்துவிட்டாள். குரல் உயர்ந்தால் மஞ்சள் அட்டை. இரண்டாம் தடவை சிவப்பு, வீட்டுக்கு வெளியே அரை மணி நேரம். மைக்தான் பாவம். அவன் குசுகுசுத்தாலே ஆறாம் நடைமேடை வரைக்கும் கேட்கும். வெள்ளிக்கிழமை ஒரு நாளில் மட்டும் மூன்று சிவப்பு வாங்கினான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்பது வருடமாகத் திறந்த புத்தகமாக இருந்த வீடு. திடீரென்று சொய்ங் என்று காற்றுச் சத்தம் மட்டும் வருகிறது. என் வீட்டில் கடிகாரம் ஓடுகிறது என்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடையில் அத்தான் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன, வெளிய அனுப்பிட்டாங்களா?”

“தும்மல்” என்றார்.

“தும்மலுக்கே சிவப்பா?”

“ரெண்டு தும்மல்.”

மணி இல்லாததால் அவர்கள் கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது. அந்த ஒரு சாணில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாய்க்குப் பூட்டுப் போட்டார்களே தவிர, கைக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. அக்கா பள்ளிக்கூடம் கிளம்புமுன் தொட்டியின் பிளாஸ்டிக் தாளை ஓரமாகத் தூக்கி, “மாப்பிள்ள, ஒண்ணுமே சாப்பிடலையாப்பா?” என்று காற்றாகக் கேட்டுவிட்டு ஒரு துளித் தீனி போட்டாள். அவன் சீந்தவில்லை. அவள் போனதும் அத்தான் வந்தார், தாளைத் தூக்கினார், லிஃப்ட் குழிக்குள் அடிக்கிற டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார். மைக்கோ ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் கால்மணிக்கு ஒருதரம் திறந்தான். ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்காத நேரம் பார்த்துத்தான் திறந்தார்கள். நானும் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். சரி, மூன்று தடவை.

சனிக்கிழமை காலையில் முட்டைகள் பொரிந்திருந்தன. கூட்டுக்கு அடியில் கண்ணிமை முடிகளைச் செருகி வைத்தாற்போல் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு பொடிப் பொடியாகக் குஞ்சுகள். இன்னும் நீந்தத் தெரியாது. நுரையில் ஒட்டிக்கொண்டு தொங்க மட்டும்தான் தெரியும். ஆனால் வியாழக்கிழமை உள்ளங்கை அகலம் இருந்த கூடு, இப்போது மூன்று விரல் அகலம். குமிழிகள் உடைந்துகொண்டே இருந்தன. மாப்பிள்ளை மேலே போய் ஒரு வாய்க் காற்று, கீழே வந்து ஒரு குமிழி என்று ஓடிக்கொண்டே இருந்தான்.

“நீதான் நேத்து கத்துன” என்றான் மைக் குசுகுசுவென்று.

“நான் காத்தாத்தான்டா பேசுனேன். உன் மூச்சே சத்தம்.”

இங்கேதான் சண்டை பிடித்துக்கொண்டது. அந்த வீட்டில் இத்தனை வருடம் சண்டை போட்டார்கள், வாஸ்தவம். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவதால் ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழுந்ததே கிடையாது. குசுகுசுப்பில் அந்த வசதி இல்லை. எதிராளி என்ன சொல்கிறார் என்று காதைக் கொடுத்தால்தான் பதில் சொல்ல முடியும். நான் அப்போது பாட்டிலைத் திருப்பி வாங்கிப் போகலாம் என்று வாசலில் நின்றேன்.

“உன்னாலதான்டா நான் இங்க கெடக்கேன்” என்றாள் அக்கா. “எத்தனை தடவை சொல்லிட்டேன். என் ஸ்கூல் பக்கத்துல வீடு பாத்து வச்சோம், வேணாம்னு விட்டோம். அப்புறம் இன்னொண்ணு பாத்தோம், அதையும் விட்டோம்.”

மைக் நிமிர்ந்தான். “எப்ப சொன்ன?”

“ஒன்பது வருசமா சொல்றேன்!”

“எனக்குக் கேக்கவே இல்லையே. ஏன் விட்டீங்க?”

“அம்மா போனப்புறம் நீ ஒரு வாய் சோறு தனியா தின்னியாடா? உன்னை விட்டுட்டு எப்படிப் போறது? ரெண்டு மாசம் இருந்து உன்னைத் தேத்திட்டுப் போலாம்னுதானே வந்தோம்.”

“என்னைத் தேத்தவா?” மைக்கின் முகம் விளங்காத வண்டி எண்ணைப் படிப்பவன் மாதிரி ஆயிற்று. “உங்க வீடு இடிஞ்சுபோயி, போக்கிடம் இல்லாம வந்தீங்கன்னுல்ல நான் நினைச்சேன்! சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்னு வாயத் தொறக்கலயே. பெட்ரூமை உங்களுக்குக் குடுத்துட்டு ஒன்பது வருசமா நான் இந்த ஹால்ல, பிரிட்ஜ் பக்கத்துல படுக்கிறேனே!”

“எங்க வீடு இடியலடா. மழைக்கு ஒரு மூலை ஒழுகுச்சு. அவ்வளவுதான்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அத்தான் சிரித்தார்.

அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. முதலில் தோள் குலுங்கியது. பிறகு கம்பி அறுந்த லிஃப்ட் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. “ஒன்பது வருசம்!” என்று பிரிட்ஜில் ஓங்கி அடித்தார். “ஒன்பது வருசமா அந்தக் கட்டில்ல எனக்கு முதுகுவலி!” என்று இன்னொரு அடி. பிரிட்ஜ் ஸ்டூலை இடித்தது. ஸ்டூல் தொட்டியை உலுக்கியது. தண்ணீர் ஒரு பக்கம் ஏறி இறங்கியது. மூன்று விரல் கூடு இரண்டாகப் பிளந்து போயிற்று.

குஞ்சுகள் தூசி மாதிரி அடியை நோக்கி இறங்கின. மாப்பிள்ளை ஒரு நொடி அசையாமல் நின்றான். அப்புறம் பாய்ந்தான். ஒன்று, இரண்டு, நாலு, ஏழு என்று வாயில் அள்ளிக்கொண்டே போனான்.

“திங்கிறான்” என்றாள் அக்கா. சிவப்பு அட்டை கையில் இருந்தும் யாருக்கும் காட்டத் தோன்றவில்லை.

“இல்லக்கா, எடுக்கிறான்.”

“திங்கிறான்டா. தொண்டை அசையுது பாரு.”

“எடுக்கிறான்!”

நாலு தலைகள் அந்தத் தொட்டிக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றோம். ஒரு மீனின் கன்னத்தை நான் வாழ்நாளில் அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. உப்பியிருந்தது. விழுங்கினால் மைக்குக்குக் கல்யாணம் இல்லை, துப்பினால் உண்டு. மைக் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அது யார் கை என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. மாப்பிள்ளை மெதுவாக மேலே வந்தான். உடைந்த நுரையின் பெரிய துண்டுக்கு அடியில் போய் நின்று, நின்று, நின்று, தூ என்று துப்பினான். பொட்டுப் பொட்டாகக் குஞ்சுகள் நுரையில் ஒட்டிக்கொண்டன. எல்லாமா என்று கேட்டால், அது அவனுக்கே வெளிச்சம். மறுபடி கீழே போனான்.

ஒரு மணி நேரம் கழித்தும் அவன் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் தொங்கிய கூட்டம் பாதிக்குப் பாதியாகிவிட்டது கண்ணுக்கே தெரிந்தது.

“வேற கடையில கொஞ்சம் குஞ்சு வாங்கி ஊத்திடலாமா?” என்றாள் அக்கா.

“இந்தப் பக்கத்துல இருக்கிறதே அவங்க கடை ஒண்ணுதான்.”

“அங்கேயே வாங்கினா?”

மைக் தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஞாயிறு முழுக்க அந்த வீட்டில் யாரும் குசுகுசுக்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மீன்கடைக்காரி வந்தாள். மணி அடிக்கவில்லை என்பதால் கதவைத் தட்டினாள். உயரமானவள், முழங்கை வரைக்கும் சுருட்டிய சட்டை, விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. நான் சர்க்கரை கேட்க வந்தவள் மாதிரி உள்ளே நின்றிருந்தேன். கையில் கிண்ணம் எடுக்க மறந்துவிட்டேன்.

“வாங்க” என்றாள் அக்கா காற்றாக.

“உங்களுக்குத் தொண்டை சரியில்லையா?”

“மாப்பிள்ளைக்காக.”

“எந்த மாப்பிள்ளைக்காக?”

அக்கா தொட்டியைக் காட்டினாள். நாற்காலிச் சாக்ஸ், அட்டை, மணி ஒயர் எல்லாவற்றையும் மைக் குசுகுசுவென்று விளக்கினான். மீன்கடைக்காரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சாதாரணக் குரலில் சொன்னாள்:

“என் கடைக்குப் பக்கத்துல நாளெல்லாம் மரம் அறுக்கிற மிஷின் ஓடுது. அந்தச் சத்தத்துலதான் இவன் ரெண்டு தடவை பிள்ளை வளர்த்தான். நீங்க கத்துறதெல்லாம் இவனுக்கு ஒரு பொருட்டா?”

ஐந்து நாள் வாயைக் கட்டியவர்களின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவள் தொட்டிக்குக் குனிந்தாள். தாளைத் தூக்கவில்லை. வெளிச்சத்தில் தலையைச் சாய்த்து அதன் ஓரத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் சாக்பீஸ் தூள் ஒட்டிய விரல் தடம். ஒரு பக்கம் கறுப்பு கிரீஸ். ஒரு பக்கம் பேருந்து நிலைய ரப்பர் ஸ்டாம்ப் நீல மை, அது மட்டும் வரிசையாக இருபது முப்பது. மூலையில் சிவப்பாய் நகப்பூச்சு.

“வீட்ல எத்தனை பேரு?”

“மூணு பேரு” என்றான் மைக்.

அவள் என் விரல்களைப் பார்த்தாள். நான் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“இந்தத் தாளைத் தூக்குறப்பல்லாம் உள்ள இருக்கிற வெதுவெதுப்பு போயிடும். குமிழி உடையும். அவன் பயந்துபோவான். முதல் ரெண்டு தடவையும் இப்படித்தான் தூக்கித் தூக்கிப் பாத்தீங்களா?”

“ஆமா” என்றான் மைக்.

“விட்டுடுங்கன்னு சொன்னேன்ல. ஏன் பாத்தீங்க?”

“உயிரோட இருக்குதான்னு.”

“கால்மணிக்கு ஒருதரமா?”

“கால்மணிக்குள்ள செத்துட்டா?”

அவள் தாளை முழுசாக விலக்கி, தன் செல்போன் வெளிச்சத்தை ஓரமாகச் சாய்த்து எண்ணத் தொடங்கினாள். நூலிழை மாதிரி, படுக்கைவாட்டில், தானாக, குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. எங்களுக்குத் தூசி எது குஞ்சு எது என்று தெரியவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது.

“முப்பத்தொண்ணு.”

“முட்டை இருநூறு இருந்துச்சு” என்றான் மைக். கொடுத்த வேலையில் கோட்டை விட்டதைத் தானே ஒப்புக்கொள்கிறவன் அவன். “நூத்தி எழுபது போச்சு. எங்களாலதான். நீங்க சொன்ன மாதிரி மீன்மேல குத்தம் இல்ல.”

“தோத்துட்டோம்னு நேரா சொல்லிடும்மா” என்றாள் அக்கா. பழைய குரல் திரும்பியிருந்தது, ஆனால் கத்தவில்லை. “ஆனா அவன் ராப்பகலா இது பக்கத்துலதான் கெடந்தான். அதையும் கணக்குல வச்சுக்கோ.”

மீன்கடைக்காரி வலையை எடுக்காமல் ஒரு டம்ளரை மெதுவாகத் தண்ணீரில் சாய்த்தாள். வயிறு ஒட்டி, வால்கரை கிழிந்துபோன மாப்பிள்ளை தண்ணீரோடு அதற்குள் வந்தான். டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“பாவிப்பய, நாலு மூஞ்சியையும் சகிச்சுக்கிட்டு முப்பத்தொண்ணைக் கரை சேத்துருக்கான்” என்றாள். அப்புறம் மைக் பக்கம் திரும்பினாள். “என் முதல் வீட்ல எதையும் யாரும் தொறந்து பாத்ததே இல்ல. மீனு செத்து மூணு நாளு மிதந்துச்சு, நான் ஊருக்குப் போய் வர்றவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. நான் காய்ச்சல்ல படுத்தப்பவும் அதே கதைதான். இங்க என்னன்னா மூடியை மூட விட மாட்டேங்கறீங்க.”

“அது தப்புதானே?”

“தப்புதான். ஆனா இந்தத் தப்பைத் திருத்திடலாம். கையைக் கட்டிப் போட்டாப் போதும்.”

மைக்குக்கு இது சம்மதமா இல்லையா என்று விளங்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், கடைசியில் அத்தானைப் பார்த்தான்.

“சரின்னு சொல்றாங்கடா மடையா” என்றார் அத்தான். அந்த வாரத்தில் அவர் பேசின இரண்டாவது முழு வாக்கியம் அது.

இரண்டு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது. அக்காவும் அத்தானும் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பழைய கட்டிலை அங்கே எடுத்துப்போக அத்தான் விடவே இல்லை. மகள் விடுமுறைக்கு வந்தால் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. முப்பத்தொன்றில் இருபத்தாறு பிழைத்து வளர்ந்தன. பதினைந்து ஆண், தனித்தனிப் புட்டியில், நடுவில் அட்டை செருகி, அக்கா படுத்த அறையில் வரிசையாய் இருக்கின்றன. மாப்பிள்ளை கடைக்கே திரும்பிப் போய், அடுத்த மழைக்காலத்தில் வயதாகிச் செத்துப்போனான். மைக்கும் மீன்கடைக்காரியும் எதிர் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவளுக்கு ஏழாவது மாதம். மைக் கால்மணிக்கு ஒருதரம் போன் பண்ணுகிறானாம். அவள் எடுப்பதில்லை.